கடலுக்குக் கட்டிய மதில்

படலையில் றீற்றா அக்கா

அன்று காலை விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு என் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'என் கடல்' என்று எழுதியதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அந்த நாட்களில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாரி தொடங்கி வாடைக்காற்றுப் பிடித்திருந்த நேரம். அலை என் மதிலில் வந்து அறைந்து, மேலே எழுந்து, உள்ளே நாலு துளி தெறித்துவிட்டுத் திரும்பியது. அந்த நாலு துளியும் முகத்தில் படுவது எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. இவ்வளவு பெரிய கடல் என்னிடம் வந்து முட்டிவிட்டுத் திரும்புகிறதே என்று உள்ளூர ஒரு பெருமை.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. மேற்குப் பக்கத்து வளவு றீற்றா அக்கா. மீன்பிடிக்கக் கடலில் போகும் சூசை அண்ணையின் மனைவி. அவரது நீளச் சட்டையின் கீழ்ப்பாதி நனைந்து முழங்காலோடு ஒட்டியிருந்தது. கையில் ஓர் அகப்பை. முகத்தில் கோபம் இல்லை. மாடு அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று சொல்ல வந்தவர் போல நின்றார்.

"சேர்வேயர் ஐயா, உங்கடை கடல் என்ரை குசினிக்கை நிக்குது. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். உள்ளேயிருந்து வந்த என் மனைவி யோகம் சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு றீற்றா அக்காவுக்குப் பின்னால் போனாள். நானும் போனேன்.

குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அடுப்புக் கல் மூன்றும் தண்ணீருக்குள் இருந்தன. விறகு மிதந்தது. சோற்றுப் பானையைச் சூசை அண்ணை தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். என்னைக் கண்டதும் மரியாதைக்குப் பானையை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையால் கும்பிட்டார்.

வேலி அரக்கும் குடும்பம்

போன கிழமை இந்தப் பத்தியில் அளவுச் சங்கிலி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஊர் முழுக்க எல்லை அளந்த நீங்கள் உங்கடை சொந்தக் காணியிலை எப்பிடி?" இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் இத்தனை கிழமையும் எழுதினேன். கேட்டாயிற்று. இனி ஒளிக்க வழியில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கொக்குவிலில். எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வேலி அடைப்பார்கள். பழைய தென்னோலைக் கிடுகைக் கழற்றிப் புதிய கிடுகு வைத்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டும்போது வேலியைத் தாங்குகிற கதிகாலை அடுத்தவன் பக்கம் ஒரு சாண் தள்ளி நடுவதற்குப் பெயர் வேலி அரக்குதல். அதைக் களவு என்று யாரும் சொல்வதில்லை. களவெடுத்தவன் ஒளிந்து திரிவான். வேலி அரக்கியவன் அதே வேலியில் சாய்ந்துகொண்டு பல் விளக்குவான்.

எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் இருந்த வேலி இப்படி வருடா வருடம் நடந்தது. ஒரு வருடம் அப்பா அரக்குவார். மறு வருடம் சித்தப்பா திருப்பி அரக்குவார். வேலியோரம் நின்ற முருங்கை ஒரு வருடம் எங்களுடையது, மறு வருடம் அவர்களுடையது. அது யாருடையது என்று பார்க்காமல் காய்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு வழக்கு வைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு சைக்கிள். வழக்குத் தவணைக்குப் போகும்போது அப்பா மிதிக்க, சித்தப்பா கரியரில் இருந்து போவார். திரும்பி வரும்போது சித்தப்பா மிதிப்பார். கோட்டில் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொல்லிவிட்டு, வழியில் ஒரே கடையில் இறங்கி வடை சாப்பிட்டு வருவார்கள்.

இந்த வீட்டில் பிறந்தவன் நில அளவையாளனாக வந்ததில் அதிசயம் இல்லை. எங்கள் தொழிலில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. எல்லை அளக்கப் போனால் இரண்டு பக்கத்திலும் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு பக்கம் குடித்துவிட்டு மறுபக்கம் வேண்டாம் என்றால், எவ்வளவு சரியாக அளந்தாலும் அளவு பிழை என்றுதான் ஊர் சொல்லும். அதனால் எனக்குச் சீனி வருத்தம் வந்தது. நியாயத்துக்காக வந்த வருத்தம் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் மாத்திரையைக் குறைக்கவில்லை.

சண்டை பிடிக்காத அயலவர்

ஓய்வு பெற்ற பிறகு ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஒரு ஆசை சொன்னான். பிள்ளைகளுடன் வந்து நிற்க, கடல் தெரிகிற மாதிரி ஒரு காணி வேண்டும் என்றான். மாதகல் பக்கம் ஒரு ஊரில் கிடைத்தது. ஊரின் பெயரை எழுதக் கூடாது என்பது யோகத்தின் கட்டளை. "அவையள் என்ன பாவம் செய்தவை" என்றாள்.

காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கி எல்லைகளைப் படித்தேன். தெற்கே தெரு. கிழக்கே ஒரு பனங்கூடல். மேற்கே சூசை அண்ணையின் வளவு. வடக்கே கடல்.

வடக்கே கடல் என்ற இடத்தை இன்னொரு முறை படித்தேன். வாழ்நாள் முழுவதும் அயலவர் சண்டையில் பிழைத்தவன் நான். வேலி அரக்காத, வழக்கு வைக்காத, முருங்கைக்காய் கேட்காத ஓர் அயலவர் எனக்குக் கிடைத்துவிட்டார் என்று மனம் குளிர்ந்துபோனது. வழக்குப் பேசும் என் பள்ளிச் சிநேகிதன் ஒருவனுக்கு அன்றைக்கே தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன். அவன் தன் தொழிலுக்கு நட்டம் என்று சிரித்தான்.

வீடு கட்டிக் குடிவந்தோம். கொக்குவில்காரன் எங்கே போனாலும் முற்றம் கூட்டுவான். எங்கள் முற்றத்துக்கு முடிவு இல்லை, அது கடற்கரையாக நீண்டு போனது. நான் அதையும் கூட்டினேன். விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய், மண் தெரியக் கூட்டி, கோடு விழுந்த மணலைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

மணலில் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. ராவணன் மீசைப் புல் நின்றது. ஓரத்தில் ஒரு தாழம்புதர். எனக்கு எல்லாம் குப்பையாகத் தெரிந்தது. பாம்பு வரும் என்றும் ஒரு பயம். ஆள் பிடித்து எல்லாவற்றையும் பிடுங்குவித்தேன்.

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த சூசை அண்ணை என்னையும் விளக்குமாற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது.

"றீற்றா, ஐயா கடற்கரையைக் கூட்டிப்போட்டார். நாளைக்குக் கடலைக் கழுவப் போறார் போலை."

அந்த வருட மாரியில் என் கூட்டிய மணலில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது. பிடித்து வைத்திருந்த கொடியையும் வேரையும் பிடுங்கினால் மண் போகும் என்பது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. மற்றவர்களின் காணியில் என்றால் உடனே சொல்லியிருப்பேன். என்னுடைய காணியில் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. வடக்கு மூலையில் நானே பார்த்து நட்ட எல்லைக்கல் தண்ணீருக்குள் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த அப்பா எழும்பிவிட்டார்.

"யோகம், இஞ்சை வந்து பார். கடல் வேலி அரக்குது."

ஆமைப்பூட்டு

வேலி அரக்குபவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலியை எடுத்துவிட்டு மதில் கட்ட வேண்டும்.

வன்னியிலிருந்து லொறியில் கருங்கல் வந்தது. ஊரில் பேர் போன மேசன் வந்தார். என் காணியின் வடக்குப் பக்கம் முழுவதும், நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மதில் எழும்பியது. யாரிடமும் கேட்கவில்லை. என் காணி, என் உறுதி, என் கல். வேறு யாரிடம் கேட்பது?

யோகம் மட்டும் மேசனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "கடலுக்குப் படலை வைக்கேல்லையோ?"

அவள் நக்கலுக்குக் கேட்டாள். நான் அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டேன். மதிலின் நடுவில் ஓர் இரும்புப் படலை வைத்து, கடைத்தெருவில் கிடைத்ததிலேயே பெரிய ஆமைப்பூட்டு வாங்கிப் பூட்டினேன். திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். கடலுக்குப் பூட்டுப் போட்ட மனிதனை நீங்கள் இதுவரை கண்டிருக்கமாட்டீர்கள். இப்போது எழுத்திலாவது கண்டுகொள்ளுங்கள்.

ஊர்ச் சனம் கரையோரமாக நடந்து போகிற வழி அந்த மணல்தான். மதில் வந்த பிறகு மணலும் இல்லை, வழியும் இல்லை. சூசை அண்ணை சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் என் மதிலோரமாக நடந்து போவார். கதிரையில் இருந்து பார்த்த நான், மனிதர் குளிர்ச்சிக்கு இறங்குகிறார் என்று நினைத்தேன். கையைக் காட்டிக் குசலமும் விசாரித்தேன்.

அலை மதிலில் அடித்தால் அதோடு முடிந்துபோகும் என்று நினைத்திருந்தேன். அது அப்படியே மேற்கே ஓடி, மதில் முடிகிற இடத்தில் வளைந்து, சூசை அண்ணையின் வளவுக்குள் ஏறியது. ஒவ்வொரு அலையும் அங்கிருந்து கொஞ்ச மண்ணை எடுத்துக்கொண்டு போனது. வள்ளம் இழுத்துவைக்கிற இடம் முதலில் போனது. பிறகு கருவாடு காயப்போடும் இடம். அதற்குப் பிறகு குசினி. அதைத்தான் முதலில் சொன்னேன், றீற்றா அக்கா அகப்பையோடு வந்த காலை.

அன்றைக்குத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன்.

"இது உலகப் பிரச்சினை அக்கா. உலகம் முழுக்கக் கடல் ஏறுது. பேப்பரிலை எல்லாம் போட்டிருக்கு."

றீற்றா அக்கா அகப்பையால் மிதந்த விறகை ஒதுக்கினார். "அப்ப உலகத்துக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ ஐயா. எனக்கு மத்தியானச் சோறு ஆக்க வேணும்."

புள்ளிக்கோடு

சில நாட்களில் ஸ்கூட்டரில் ஒரு பெண்பிள்ளை வந்தா. கரையோர விசயங்களைப் பார்க்கும் அலுவலர். மழைக் கோட்டைக் கழற்றி மதிலிலேயே காயப்போட்டுவிட்டு, என் வரைபடத்தை விரித்தா.

"சேர், இந்தப் பிளான் ஆர் கீறினது?"

"நான்தான்."

"இந்தப் புள்ளிக்கோடு?"

"அது கரையோர ஒதுக்கு."

"அப்பிடியெண்டால்?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. காணி நம்முடையதாக இருந்தாலும், அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கமாக அனுமதி இல்லாமல் எதுவும் கட்டக் கூடாது. எத்தனையோ பேருக்கு நானே விரலை நீட்டி இதைச் சொல்லியிருக்கிறேன். சிலர் என்னோடு கோபித்தும் போயிருக்கிறார்கள்.

"மதில் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்குது சேர்?"

நான் மதிலைப் பார்த்தேன். கோட்டைப் பார்த்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் மற்றவர்கள் எப்படித் தலையைச் சொறிவார்கள் என்று அறிந்தவன், அதேபோலச் சொறிந்தேன். மதிலை எடுக்கச் சொல்லி ஒரு தவணை தந்துவிட்டு அந்தப் பிள்ளை போனா. போகும்போது எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணீர், றீற்றா அக்கா வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனதையும் கவனித்தேன்.

மதிலைப் பற்றி முறைப்பாடு கொடுத்தது யார் என்று சொல்ல மறுத்துவிட்டா. சொல்ல வேண்டுமா என்ன? அன்று முதல் றீற்றா அக்காவைக் கண்டால் வானத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

நகரத்துக்குப் பேருந்து எடுத்து வழக்குப் பேசும் சிநேகிதனிடம் போனேன். அவன் உறுதியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மச்சான், உன்ரை காணி கடல்வரைக்கும் எண்டு உறுதி சொல்லுது. இதை வைச்சு உரிமை கதைக்கலாம். முடிவிலை வெல்லுறமோ தெரியாது, ஆனால் பத்து வருசம் இழுக்கலாம்."

பத்து வருடம் இழுக்கலாம் என்ற சொல் எங்கள் ஊரில் வென்றுவிட்டோம் என்பதற்குச் சமம். சந்தோசத்தில் ஒரு பை மிக்சர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னேன்.

அவள் மிக்சரை வாங்கவில்லை. "பத்து வருசம் முடியேக்கை றீற்றாவின்ரை குசினி எங்கை நிக்கும்?"

"அவ முறைப்பாடு குடுக்க முதல் யோசிச்சிருக்க வேணும்."

"அவ குடுக்கேல்லை. நான் குடுத்தனான்."

பொட்டு

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வேலிகளில் ஆண்கள் எவ்வளவுதான் இறுக்கிக் கட்டினாலும், ஏதோ ஓர் இடத்தில் ஓர் ஆள் நுழையக் கூடிய இடைவெளி இருக்கும். அதற்குப் பொட்டு என்று பெயர். பெண்கள் கறிக் கிண்ணத்தோடு போய்வருகிற வழி. அப்பாவும் சித்தப்பாவும் வழக்காடிக் கோட்டில் நின்ற வருடங்களில்கூட அம்மாவும் சின்னம்மாவும் பொட்டால் போய்வந்தார்கள்.

மேற்கு வேலியில், கிணற்றடிக்குப் பின்னால், யோகமும் றீற்றா அக்காவும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். குடிவந்த முதல் கிழமையே வைத்துவிட்டார்களாம். ஊர் முழுவதும் வேலி பார்த்துத் திரிந்த எனக்கு, என் சொந்த வேலியில் இருந்த பொட்டு தெரியாது. அந்த வழியால்தான் யோகம் போய், குசினிச் சுவரின் அடியில் மண் போவதை நாள் தவறாமல் பார்த்திருக்கிறாள்.

"நீ என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே" என்றேன்.

"சொன்னனான். மதில் கட்டேக்கை சொன்னனான், கட்டி முடியவும் சொன்னனான். நீங்கள் தலையாட்டிப்போட்டுப் பேப்பரைப் பிரிச்சனீங்கள். வெளியிலை இருந்து ஒரு ஆள் வந்து சொன்னால்தான் உங்கடை காதிலை விழும்."

அந்தக் கிழமையே குசினியின் பின்சுவர் விழுந்தது. பின்னேரம், எல்லாரும் வெளியில் நின்ற நேரம். யாருக்கும் காயம் இல்லை. விழுந்த சத்தத்தில் நான் பாதித் தூக்கத்தில் இருந்து எழும்பினேன். கிணற்றடிப் பக்கம் போய்ப் பார்த்தபோது, பொட்டு வழியாகச் சட்டி பானைகள் வந்துகொண்டிருந்தன. அம்மி வந்தது. உப்புச் சாக்கு வந்தது. சூசை அண்ணையின் தோளில் வலை வந்தது. கடைசியாக மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு றீற்றா அக்கா வந்தார். அவர்களின் வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்திருந்தது; யோகம் எங்கள் பின்விறாந்தையைக் கழுவி வைத்திருந்தாள்.

மதில் அசையவில்லை. அதற்கு உள்ளே என் நிலம் ஒரு அங்குலமும் குறையவில்லை. ஆனால் என் வீட்டுக்குள் சூடை மீன் குழம்பு கொதித்தது. வெள்ளிக்கிழமை சைவம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை ஐயா" என்றார் றீற்றா அக்கா. "அதுதான் மீன்."

யோகம் எனக்கு மட்டும் தனியாகச் சமைக்க மறுத்துவிட்டாள். மூன்றாம் வெள்ளி நானும் குழம்பு கேட்டேன். அப்பா எங்கிருந்தாவது பார்த்திருந்தால் கண்ணை மூடியிருப்பார்.

ஒரு பின்னேரம் றீற்றா அக்கா எங்கள் பின்படியில் இருந்து தன் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரியாது. யோகத்திடம் மெல்லிய குரலில் கதைத்தார்.

"கலியாணம் முடிச்சு வந்து முதல் சோறு அதுக்கைதான் ஆக்கினது. சண்டைக்காலத்திலை மூண்டு தரம் இடம்பெயர்ந்து போனம். ஒவ்வொரு முறையும் திரும்பி வரேக்கை கூரை இருக்காது. சுவர் நிக்கும். ஷெல்லுக்கும் விழாத சுவர் யோகம்."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். உறுதி இருந்தது, சிநேகிதன் இருந்தான், பத்து வருடம் இருந்தது. அவர் திட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வயது போன காலத்தில் வருகிற வெட்கம் மிகவும் கெட்டது, அதை மறைக்க முகத்தில் மீசைகூட ஒழுங்காக இல்லை. உள்ளே போய்ச் சிநேகிதனுக்குத் தொலைபேசி எடுத்து, வழக்கு வேண்டாம் என்றேன். அவன் உண்மையிலேயே கவலைப்பட்டான்.

மதிலை உடைத்தோம். முதலில் படலையைக் கழற்றப் போனால் ஆமைப்பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. இடுப்பில் இருந்த திறப்பு உள்ளேயே போகவில்லை. சூசை அண்ணை கல்லால் நாலு அடி அடித்து உடைத்தார். கடல் ஒருநாளும் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்திருக்காது.

கல்லையெல்லாம் கரையில் விடாமல் லொறியில் ஏற்றி அனுப்பச் சொன்னா அந்த அலுவலர் பிள்ளை. பிறகு ஒருநாள் சாக்கு நிறைய அடம்பன் தண்டும் தாழங்கன்றும் கொண்டுவந்தா. பிடுங்கியவனே நட்டான். சூசை அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாரியில் கடல் என் பக்கமும் வந்தது. விறாந்தைப் படி போனது. இரண்டு தென்னம்பிள்ளை போயின. எல்லைக்கல் எங்கே என்று தெரியாது. சூசை அண்ணையின் பக்கம் மண் போவது நின்று, வள்ளம் இழுக்கிற அளவுக்கு மணல் திரும்பி ஏறியது. மகன் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, கடல் இன்னும் கிட்ட வந்திட்டுது போலை. நல்ல வியூ" என்றான். யோகம் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு வேலிச்சண்டை

குசினியைப் பழைய இடத்தில் கட்ட முடியாது. புள்ளிக்கோடு அவர்களுக்கும் உண்டு. தெருப் பக்கம் வீடும் கிணறும் போக இடமில்லை. மிச்சம் இருந்தது எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலியோரம் மட்டுமே. அதன் அகலமும் ஒரு குசினிக்குக் காணாது.

மாரி முடிந்து வேலி அடைக்கிற காலம் வந்தது. நான் விடியவே போய், பழைய கதிகாலில் இருந்து என் வளவுக்குள் நன்றாகத் தள்ளி முளைகளை அடித்து, கயிறு கட்டிவிட்டு வந்தேன். எங்கள் பரம்பரையில் வேலி உள்ளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் முளைகள் பழைய இடத்துக்குப் போயிருந்தன. திரும்ப என் பக்கம் அடித்தேன். மறுநாளும் அங்கே போயிருந்தன. ஒளிந்து நின்று பார்த்தேன். சூசை அண்ணைதான். முளையைப் பிடுங்கித் தன் வளவுப் பக்கம் நட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"ஐயா, எங்களுக்கு இவ்வளவு வேண்டாம். நாளைக்கு உங்கடை பிள்ளையள் வந்து, ஆர் இதைக் குடுத்தது எண்டு கேட்டால்?"

"நான் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"நீங்கள் இருக்கமாட்டியள் ஐயா அப்ப."

"நான் சேர்வேயர். நான் சொல்லுற இடம்தான் எல்லை."

"இது என்ரை வேலியும்தான்."

நான் ஒரு முளையைப் பிடித்தேன். அவர் மறுமுனையைப் பிடித்தார். குரல் கூடியது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆர் அரக்கினது?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் காட்டினோம். அவர் ஒன்றும் விளங்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

றீற்றா அக்கா எங்கள் பின்விறாந்தையில் இருந்து அடுப்புக் கல் மூன்றையும் சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கையில் இருந்த முளையை வாங்கி அந்தப் பக்கம் போட்டார். கயிற்றைத் தாண்டி வந்து, மண்ணைக் காலால் தட்டி, மூன்று கல்லையும் வைத்தார். முன்னால் குந்தி இருந்தார். குனிந்து ஊதுவது போலச் செய்து பார்த்தார். விறகுக்கு வலது கையை நீட்டினார், பானைக்கு இடது கையை நீட்டினார். எழும்பித் திரும்பினார்.

"எனக்குக் குனிஞ்சு நிமிர இவ்வளவு வேணும். முழங்கை இடிக்காத இடத்திலை வேலியைக் கட்டுங்கோ. ரெண்டு பேரும் கதையை விட்டிட்டுக் கிடுகைத் தூக்குங்கோ."

சங்கிலியும் இல்லை, வரைபடமும் இல்லை. அந்த முழங்கை போய்வந்த இடத்தைச் சுற்றிக் கதிகால் நட்டோம். பொழுதுபடக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது யோகம் வந்து பார்த்தாள். "பொட்டு எங்கை?" என்றாள். மறந்துபோனோம். கட்டிய கிடுகைத் திரும்பவும் அவிழ்த்தோம்.

கடல் இனி எவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது. வடக்கு எல்லையை அளப்பதை விட்டுவிட்டேன். மேற்கு வேலி மட்டும் தெருவில் இருந்து நேராக வந்து, கிணற்றடி தாண்டியதும் ஒரு அடுப்பைச் சுற்றி எங்கள் பக்கம் வளைந்து, பிறகு நேராகப் போகிறது. எனக்குப் பிறகு யாராவது ஒரு சேர்வேயர் இதை அளக்க வருவார். வளைவைப் பார்த்து, இதைக் கீறியவன் யாரடா என்று என்னைத் திட்டுவார், திட்டட்டும். எங்கள் பக்கம் தேத்தண்ணீர் குடித்தால் அவர் மற்றப் பக்கமும் குடிக்க வேண்டும். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.